சைவ லாஞ்சி

வடிவம்மாளுக்கு வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டன. குழந்தை வரவில்லை. விடிந்ததும் மருத்துவச்சி அறையை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற திருஞானசம்பந்தம் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"புள்ள குறுக்க கெடக்கு அண்ணாச்சி. இனி என் கையில ஒண்ணுமில்ல. பொழுது சாயுமுன்ன தூத்துக்குடி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்தா தாயாவது தங்குவா."

தாயாவது! சம்பந்தத்துக்கு இருப்பது ஒரே மகள். சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்புப் போட்டு ஆத்தூருக்கு அழைத்து வந்திருந்தார். மருமகனுக்குத் தகவல் சொல்லக்கூட இப்போது ஆள் போக முடியாது.

கார்த்திகை மாதத்து மழை அது. மேற்கே மலையில் கொட்டிய தண்ணீரெல்லாம் அம்பாசமுத்திரத்தையும் சேரன்மகாதேவியையும் முக்கிவிட்டு, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டிச் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. முக்காணிக்கு அப்பால் தூத்துக்குடி ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் போகலாம் என்றால் ஏரலைத் தாண்ட வழியில்லை. மாட்டுவண்டி, பல்லக்கு, கட்டில் தூக்கும் ஆட்கள், எதுவும் ஆகாது. மிஞ்சியது ஆறு ஒன்றுதான். ஆற்றோடு புன்னைக்காயல் முகத்துவாரம் வரை போய், கடலில் இறங்கி, வடக்கே திரும்பினால் தூத்துக்குடி. அதற்கு வேண்டியது சம்பந்தத்தின் லாஞ்சு.

லாஞ்சு இருந்தது. அது போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு நடந்தார்.

அந்த லாஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஓட்டு ஓட்டென்று ஓட்டித் தேய்த்து ஒதுக்கிப் போட்டது அது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின், தேக்குப் பலகை, நடுவில் துணிக்கூரை. யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் சம்பந்தம் அதை வாங்கி ஆற்றோடு ஏற்றிக் கொண்டுவந்தபோது ஆத்தூர் முழுதும் கரையில் நின்று சிரித்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வேளாளனுக்குக் கப்பல் கேட்கிறதா என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சாக்கில் பரப்பி, துடைத்து, ராவி, மறுபடி பூட்டினார். உளுத்த பலகையைச் செதுக்கி எடுத்துப் புதுப்பலகை வைத்தார். நகக்கண்ணில் கறுப்பேறிப்போய், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முகம் சுளித்தபோதும் அவர் வெட்கப்படவில்லை. அந்த எஞ்சினின் மூச்சு மாறினால் தூக்கத்திலும் சொல்வார். அவருக்குத் தெரியாதது என்று அதில் எதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அறியாமல் செய்துவிட்டார் பாவம் என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். அறியாமலா? எல்லாம் அறிந்துதான் செய்தார்.

லாஞ்சுக்குக் 'காந்திமதி' என்று அம்பாள் பெயரை வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? அம்பாள் பெயர் தாங்கினதில் அசைவம் படக்கூடாது என்று ஒரு விரதமும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அம்பாள் கேட்டாளா? அவள் பாட்டுக்கு நெல்லையில் கோயில்கொண்டு இருக்கிறாள். புன்னைக்காயல் மீன்காரர்கள் வள்ளத்துப் பலகைக்கு மீனெண்ணெய் பூசுவார்கள். இவர் இலுப்பெண்ணெய் பூசினார். அதில் பெரிய மோசமில்லை. மோசம் தண்டு வெளியே போகும் இடத்தில் இருந்தது.

எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு லாஞ்சின் பின்வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. தண்டு சுழலவும் வேண்டும், துளை வழியே தண்ணீர் உள்ளே வரவும் கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு பித்தளைக் கூடு. அந்தக் கூட்டுக்குள் சணல் கயிற்றை மாட்டுக் கொழுப்பில் ஊறவைத்துச் சுற்றித் திணித்து, மேலே மரை போட்ட ஒரு பித்தளை மூடியை முறுக்கி அமுக்கிவிட வேண்டும். கொழுப்பு தண்டுக்கு வழுவழுப்பும் கொடுக்கும், தண்ணீரையும் தடுக்கும். உலகத்தில் லாஞ்சு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான்.

சம்பந்தம் மாட்டுக் கொழுப்பைத் தொடுவாரா? பஞ்சுத் திரியைப் பசுநெய்யில் தோய்த்துத் திணித்தார். திரி திரித்துக் கொடுத்தவள் மகள் வடிவு. கல்யாணத்துக்கு முன்பெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து, கோயில் விளக்குக்குத் திரிப்பதுபோலத் தொடையில் வைத்து உருட்டி உருட்டிக் கொடுப்பாள். இங்கே ஆத்தூருக்கு வந்த பிறகும், வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து நேற்று முந்தினம் வரை திரித்தாள்.

நெய் சூட்டில் உருகி ஓடிவிடும். பஞ்சு கருகி இறுகிப்போகும். அதில் ஆற்று மணல் வேறு சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம், தண்டை அரம் போட்டு ராவினதுபோல ராவும். தண்ணீர் கசியும். கசிந்தால் மூடியை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார். தண்டு இன்னும் தேயும். ஏரலுக்கும் முக்காணிக்கும் வெற்றிலைக் கட்டு ஏற்றிப்போய் வருவதற்கு இது போதுமாகத்தான் இருந்தது. கசிவதை அவ்வப்போது இறைத்துவிடலாம். புன்னைக்காயலில் "சைவ லாஞ்சி வருது, மீன் கூடைய ஒதுக்கி வையிங்கலே" என்று கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். அந்தக் கேலியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆடி மாதம் ஒருநாள் கூட்டைத் திறந்து தண்டைத் தடவிப் பார்த்தபோது பள்ளத்தில் நகம் மாட்டியது. நகம் மாட்டுகிற அளவுக்குத் தேய்ந்த தண்டு இனி எதைத் திணித்தாலும் நிற்காது. அது அவருக்குத் தெரியும். மூடியின் மரையும் முறுக்கி முறுக்கி மழுங்கியிருந்தது. அதுவும் தெரியும். லாஞ்சைக் கரையேற்றி, தண்டை உருவிப் புதிது போட வேண்டும். தை பிறக்கட்டும் என்று கூட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

இப்போது கார்த்திகை.

படித்துறையில் இஸ்ரவேல் முன்னமே வந்து லாஞ்சுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆத்தூரிலேயே தங்கிவிட்டவர், வேதக்காரர், வெற்றிலை வியாபாரம். இளவயதில் தூத்துக்குடியில் தோணிகளோடு கிடந்தவர் என்பதால் சுக்கான் பிடிக்கத் தெரியும். சம்பந்தம் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார், இவர் சுக்கானைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் ஆராதனை முடியாமல் லாஞ்சில் கால் வைக்க மாட்டார். நெய்த்திரி விஷயத்தில் அவருக்கும் எல்லாம் தெரியும். ஒருநாளும் வாய்திறந்து வேண்டாம் என்று சொன்னதில்லை. அடுத்தவன் சாமி விவகாரம் நமக்கெதற்கு என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

"வெள்ளத்தோட போறது பிரச்சினையில்ல அண்ணாச்சி. முகத்துவாரம் தாண்டினா வாடைக்காத்து எதுத்து அடிக்கும். எஞ்சினை முழு வேகத்துல விடணும். தண்டு தாங்குமா?"

சம்பந்தம் பின்பலகையைத் தூக்கிக் கூட்டைத் திறந்தார். பழைய திரி கொட்டைப்பாக்குப்போல் கறுத்து இறுகிக் கிடந்தது. அதை இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி பிரம்மநாயகி நெய்ச்செம்பும் திரிக்கட்டுமாக மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள்.

"வடிவு திரிச்சு வச்சது இருந்துது. பத்துமா பாருங்க."

அவர் அந்தத் திரியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நெய் வேண்டாம். அவளைக் கட்டிலோட தூக்கிட்டு வரச் சொல்லு. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஊரின் தெற்கு மூலையைப் பார்த்து ஓடினார். ஆத்தூரில் சம்பந்தம் அண்ணாச்சி ஓடி யாரும் பார்த்ததில்லை. வழியில் நின்றவர்கள் மகள் போய்விட்டாள் போல என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

தெற்கு மூலையில் பூதத்தான் தோல் வேலை செய்கிறவன். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தோல் சால் தைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் அவன்தான். சம்பந்தத்தின் வாழைத்தோட்டத்துச் சாலும் அவன் தைத்ததுதான். தோல் வெடிக்காமல் இருக்க அதற்கு அவன் பூசுவதும் மாட்டுக் கொழுப்புதான். அந்தச் சாலில் இறைத்த தண்ணீரில் விளைந்த வாழைப்பழத்தைத்தான் சம்பந்தம் தினமும் சாமிக்குப் படைத்தார். இதையும் அவர் அறியாதவர் இல்லை. கேட்காதவரை தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா, அப்படி வைத்திருந்தார்.

"பூதத்தான், கொழுப்பு இருக்கா?"

அவன் குழம்பிப்போய் எழுந்து நின்றான். "இருக்கு சாமி. உங்களுக்கு எதுக்கு அது?"

"லாஞ்சுக்கு. மக உசுரு கெடக்கு. ஆபத்துக்குப் பாவமில்ல, எடுத்துட்டு வா."

அவன் ஓர் ஓட்டுச்சட்டியைக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுப்பதா, வழக்கம்போலத் தரையில் வைப்பதா என்று தயங்கினான். அவர் சட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பினார். நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம்.

சணல் கயிற்றை அவிழ்த்துக் கொழுப்பில் முக்கி, விரலாலேயே பிசைந்து பிசைந்து ஏற்றினார். ஒரு தரம் ஆற்றுக்குள் எட்டி வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி பிசைந்தார். சுற்றித் திணித்து மூடியை முறுக்கினார். மரை பிடித்தது. முழுக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் பிடித்தது. எஞ்சினைக் கிளப்ப அதன் குமிழைச் சூடாக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார். தண்டு சத்தமே இல்லாமல் சுழன்றது. இத்தனை நாளில் அது அப்படிச் சுழன்றதே இல்லை. கூட்டிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சம்பந்தத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வடிவை நார்க்கட்டிலோடு தூக்கிவந்து கூரைக்குக் கீழே பாயில் கிடத்தினார்கள். பிரம்மநாயகி அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவச்சி வர மறுத்துவிட்டாள். கயிறு அவிழ்ந்ததும் வெள்ளம் லாஞ்சைப் பற்றி இழுத்துக்கொண்டு போனது.

ஆற்றில் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இருபக்கமும் முங்கிக் கிடந்த வயலும், தலை மட்டும் தெரிந்த வாழையும் விறுவிறுவென்று பின்னால் போயின. வலி விட்டிருந்த ஒரு நேரத்தில் வடிவு கண்ணைத் திறந்து மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன வாடைப்பா இது?"

"எஞ்சின் வாடைம்மா. பேசாம படு."

"பொய் சொல்லுதீங்க. தோல் வாடையால்லா அடிக்கி." கொஞ்சம் பொறுத்து, "மாட்டுக் கொழுப்பா போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்காவ வேண்டியா?"

அவர் தலையை அசைத்தார்.

"அப்பம் நான் திரிச்சுத் தந்ததெல்லாம் ஆகாதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாப்பா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, சின்ன வயதிலிருந்து எதையும் அப்படிக் கேட்கிற பிள்ளை. சம்பந்தம் எண்ணெய்க் குழாயைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டார். அடுத்த வலி வந்து அவளைப் பேசவிடாமல் செய்தது. பெற்ற மகளுக்கு வலி வந்ததை அவர் அந்த ஒரு நொடி நல்லதென்று நினைத்தார். நினைத்ததும் தம்மையே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

முகத்துவாரத்தில் ஆற்று வெள்ளமும் கடலலையும் முட்டிக்கொண்டு நின்றன. இஸ்ரவேல் உதட்டுக்குள் ஜெபத்தை முனகியபடி சுக்கானை மார்போடு அணைத்துக்கொண்டு, பைய பைய அலையைப் பார்த்துப் பார்த்து லாஞ்சை வெளியே எடுத்தார். எடுத்து வடக்கே திருப்பியதும் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. லாஞ்சின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது. ஒவ்வொரு தரம் விழும்போதும் பின்பக்கம் தூக்க, விசிறி தண்ணீருக்கு வெளியே வந்து பேய்வேகத்தில் சுற்றியது. தண்டு கிடுகிடுவென்று ஆடியது.

முதலில் கசிந்தது. சம்பந்தம் மூடியை ஒரு சுற்று முறுக்கினார். நின்றது. மறுபடி கசிந்தது. மறுபடி முறுக்கினார். மூன்றாவது தரம் முறுக்கும்போது மூடி சும்மா சுழன்றது. மரை போய்விட்டது. கண்முன்னாலேயே மூடி பின்னுக்கு நகர்ந்துவர, உள்ளே திணித்திருந்த சணலை வெளியே தள்ளிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கொழுப்பு நல்ல கொழுப்புதான். அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மரையை அல்லவா இத்தனை காலமும் காய்ந்த திரியோடு மல்லுக்கட்டி அவர் தின்று தீர்த்திருந்தார்.

அவர் பின்பலகைக்கு அடியே தலைகீழாகக் குப்புற விழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடியைக் கூட்டோடு சேர்த்து அமுக்கினார். பீய்ச்சல் குறைந்தது. கையை எடுத்தால் மறுபடி வந்தது. ஆப்பு வைக்கப் பார்த்தார், தண்டின் ஆட்டத்தில் ஆப்பு தெறித்தது. துண்டைச் சுற்றினார், தண்டு துண்டைக் கிழித்து இழுத்துக்கொண்டது. கடைசியில் கைதான் நின்றது. தண்டு சுழன்று சுழன்று விரல் தோலை உரித்தது. அப்படியும் இடுக்கு வழியே தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மார்பு நனைந்தது.

"தண்ணி ஏறுது அண்ணாச்சி! சக்கரம் தண்ணியத் தொட்டா எஞ்சினு நின்னுரும். நின்னா அலை கரையில தூக்கி அடிச்சிரும்" என்று இஸ்ரவேல் கத்தினார். சுக்கானை விட்டு அவரால் நகர முடியாது.

"பிரம்மு" என்று சம்பந்தம் உள்ளிருந்தே கூப்பிட்டார். "வாளிய எடு. இறைச்சு ஊத்து."

"இவ தலைய…"

"தலைய பாயில வையி. தண்ணி ஏறினா எல்லாருந்தான் போவோம். இறை."

பிரம்மநாயகி மகளின் தலையை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எஞ்சினுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று இறைத்தாள். மொண்டு ஊற்ற ஊற்ற அதே அளவு உள்ளே வந்தது. முதுகை நிமிர்த்தினால் தண்ணீர் ஏறியது. அதனால் நிமிரவில்லை. பின்னால் வடிவு முனகுவது எஞ்சின் சத்தத்துக்கு நடுவே விட்டு விட்டுக் கேட்டது. ஒருதரம் "அம்மா" என்றாள். "இந்தா வந்துட்டேன் ராசாத்தி, இந்தா" என்று சொல்லிக்கொண்டே இவள் இறைத்தாள். திரும்பிப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று பயந்தாள்.

பகல் அப்படியே போனது. ஒருவர் சுக்கானில், ஒருத்தி வாளியில், ஒருவர் தண்டில். மூன்று பேரும் ஒரே உயிருக்காகத்தான் மாய்ந்தார்கள். அந்த உயிரின் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பொழுது சாயும் முன்பே அலை தணிந்தது. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவின் உள்பக்கம் வந்துவிட்டார்கள். இஸ்ரவேலின் குரல் உடைந்து கேட்டது. "தூத்துக்குடி வந்துட்டு அண்ணாச்சி. அன்னா துறை தெரியுது. கர்த்தர் கொண்டுவந்து சேத்துட்டாரு."

சம்பந்தம் தலையைத் தூக்காமலே கேட்டார். "பிரம்மு, வடிவு எப்படி இருக்கா?"

"முனகிக்கிட்டுதான் கெடந்தா" என்றாள் அவள். சொல்லிவிட்டு வாளியோடு நின்றாள். முனகலை எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. திரும்பினாள்.

வாளி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கேட்டது. அது என்ன சொன்னது என்று எழுத வேண்டியதில்லை, பெற்றவர்களுக்குத் தெரியும்.

சம்பந்தம் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையை எடுத்ததும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

"கைய எடுக்காதீங்க அண்ணாச்சி" என்றார் இஸ்ரவேல். அவர் அழுதுகொண்டிருந்தார். "இறைக்க ஆளில்ல. இன்னும் கொஞ்ச தூரந்தான். எடுத்தா புள்ளையோட உடம்பக்கூட கரைசேக்க முடியாது."

அவர் கையைத் திரும்ப வைத்தார். மூக்கு வரை தண்ணீரில் முங்கிக் குப்புறக் கிடந்தபடி, மனைவி மகளை எழுப்பிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். லாஞ்சு முழுகவில்லை. துறையில் கயிறு கட்டி, ஆட்கள் இறங்கிவந்து தோளைப் பிடித்துத் தூக்கும் வரை அவர் அந்த மூடியை அமுக்கிக்கொண்டேதான் கிடந்தார்.